வேர்முடிச்சுப் போட்டியும் சர்க்கரை ஆல்கஹாலும்

சோயா மொச்சை ஆராய்ச்சியில் புனே நகருக்குத் தனியிடம் உண்டு. 1946-இல் நிறுவப்பட்டு இன்று அகர்கர் ஆராய்ச்சி நிலையம் என வழங்கும் நிறுவனம் உருவாக்கிய எம்.ஏ.சி.எஸ். 1407 என்னும் உயர்விளைச்சல் இரகம் 2021-இல் அறிவிக்கப்பட்டது. அந்நகரிலுள்ள தேசிய இரசாயன ஆய்வுக்கூடம் தொழில் நுண்ணுயிர்களின் தேசியத் தொகுப்பைப் பேணி வருகிறது. இவ்வாறு நல்ல விதையும் தேர்ந்த நுண்ணுயிரும் கிடைத்தும், வெல்லக் கரைசலில் குழைத்து விதையில் பூசப்படும் ரைசோபியம் எல்லா வயல்களிலும் பயன் தருவதில்லை. இதற்கு ஒரு முக்கிய காரணம் போட்டியாகும். மண்ணில் முன்னரே வாழும் உள்ளூர் ரைசோபியங்கள் வேர்முடிச்சுகளைக் கைப்பற்றிக் கொள்கின்றன.

உணவும் மரபணுவும்

மானிட்டால், எரித்ரிட்டால், இனோசிட்டால் ஆகியவை சர்க்கரை ஆல்கஹால்கள். இனோசிட்டால் வளைய வடிவுடையது. ரைசோபியத்தை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க, ஈஸ்ட் சாறும் மானிட்டாலும் சேர்த்த அகர் ஊடகமே வழக்கமாகப் பயன்படுகிறது. இப்பொருள்களைச் சிதைக்கும் நொதிகளை நுண்ணுயிர் எப்போதும் உண்டாக்குவதில்லை. அது வீண் செலவாகும். எரித்ரிட்டாலை எடுத்துக்கொள்வோம். அதைச் சிதைக்கும் மரபணுக்கள் அருகருகே அமைந்துள்ளன. எரி-டி என்னும் மரபணு தரும் புரதம் அவற்றை அடக்கி வைக்கிறது. எரித்ரிட்டால் கிடைக்கும்போது இவ்வடக்குமுறை நீங்கி, நொதிகள் உருவாகின்றன.

முடிச்சுக்கு முந்திய போராட்டம்

முடிச்சினுள் குடியேறிய நுண்ணுயிருக்குச் செடி அளிக்கும் முதன்மை உணவு மாலிக் அமிலம் போன்ற கரிம அமிலங்களே. எனவே சர்க்கரை ஆல்கஹாலைச் சிதைக்கும் திறன் பெரிதும் உதவுவது முடிச்சு தோன்றுவதற்கு முன்பு எனலாம். பட்டாணி ரைசோபியத்தில் செய்யப்பட்டு 2001-இல் வெளியான ஆய்வு இதற்குச் சான்று. இனோசிட்டாலைச் சிதைக்க இயலாத வகைகள் தனித்து இடப்பட்டபோது முடிச்சிட்டுக் காற்றுத் தழைச்சத்தை நிலைநிறுத்தின. இயல்பான வகையோடு கலந்து இட்டபோதோ, மிகப் பெரும்பாலான முடிச்சுகளை இயல்பான வகையே பிடித்துக்கொண்டது. எரித்ரிட்டாலைச் சிதைக்க இயலாத வகைகளும் போட்டியில் பின்தங்கியமை 2006-இல் வெளியான ஆய்வால் தெரியவந்தது. சோயாவில் முடிச்சிடும் சைனோரைசோபியம் ஃபிரெடி இனத்தில், இனோசிட்டாலைச் சிதைக்கும் ஒரு மரபணுவைச் செயலிழக்கச் செய்தபோது போட்டித்திறனோடு நிலைநிறுத்தும் திறனும் குறைந்தது.

கொள்ள வேண்டிய பாடம்

தூய மணலில் தனியே இட்டு, தழைச்சத்தை நிலைநிறுத்தும் அளவை மட்டும் கண்டு ஒரு வகையைத் தேர்ந்தெடுப்பது போதாது. உள்ளூர் மண்ணில், உள்ளூர் நுண்ணுயிர்களோடு அதனைப் போட்டியிடச் செய்து, உருவான முடிச்சுகளில் அதன் பங்கு எவ்வளவு எனக் காணல் வேண்டும். பட்டாணியில் கண்ட முடிவை, சோயாவில் பெரும்பாலும் முடிச்சிடும் மெதுவளர் பிராடிரைசோபியத்துக்கு அப்படியே பொருத்திவிடலாகாது. அதற்குத் தனிச் சோதனை தேவை. இச்சோதனையைத் தவிர்த்தால் இழப்பு உழவருக்கே. நுண்ணுயிர் உரத்திற்குச் செலவிட்ட பின்னரும், அவர் யூரியாவையே நாட வேண்டியிருக்கும்.