ஒரே வளவு, மூன்று வீடு, ஒரே இலக்கம்

கேள்வி: உம்மாவின் வளவைப் பெண்பிள்ளைகள் மூவருக்கும் பிரித்து வீடு கட்டித் தந்தார்கள். மூன்று வீட்டுக்கும் பழைய வீட்டின் இலக்கத்தையே எழுதி வருகிறோம். மதிலுக்குப் பெயின்ட் அடித்தபோது இலக்கம் இருந்த தகரத் தகட்டையும் சேர்த்துப் பூசிவிட்டார்கள். என் பெயருக்கு வந்த பதிவுத் தபால் ஒன்று ராத்தாவின் வீட்டில் கிடந்தது. வாசலில் இலக்கம் போடுவது கட்டாயமா? நானே ஒன்றை எழுதிக்கொள்ளலாமா? அது வீடு என்னுடையது என்பதற்கு அத்தாட்சியாகுமா?
- வாசகி, கிண்ணியா

சட்டத்தரணியின் பதில்:

கிழக்கு மாகாண முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் இதே சிக்கல் இருக்கிறது. மகளுக்கு வீடு கொடுத்து மணமுடித்து வைக்கும் வழக்கத்தால் ஒரு தலைமுறைக்குள் ஒரு வளவு மூன்று, நான்கு துண்டாகிவிடுகிறது. நொத்தாரிசிடம் உறுதி முடித்ததோடு எல்லாம் சரி என்று குடும்பம் இருந்துவிடுகிறது. ஆனால் சபையின் வரி ஏட்டில் அது இன்னமும் ஒரே ஆதனம்தான். பெரும்பாலும் உம்மாவின் பெயரில்தான்.

வாசகி தானாக ஓர் இலக்கத்தை எழுதிக்கொள்ள முடியாது. ஊரில் வீட்டிலக்கம் என்று நாம் சொல்வது, உள்ளூராட்சி மன்றம் சோலைவரிக்காக ஆதனத்துக்குக் கொடுக்கும் இலக்கம். நகர சபை எல்லைக்குள் என்றால் 1939ஆம் ஆண்டின் 61ஆம் இலக்க நகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் 160ஆம் பிரிவின்படி இந்த வரி விதிக்கப்படுகிறது. பிரதேச சபை எல்லைக்குள் என்றால் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் 134ஆம் பிரிவு. பிரதேச சபையில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கட்டடங்கள் நிறைந்த பகுதி என்று பிரகடனம் செய்யப்பட்ட இடங்களில் மட்டுமே அங்கு சோலைவரி உண்டு. மற்ற இடங்களில் மக்கள் எழுதுவது பெரும்பாலும் ஜி.எஸ். (கிராம உத்தியோகத்தர்) தன் பதிவேட்டுக்காகக் குடும்பத்துக்குக் கொடுத்த இலக்கம். வாக்காளர் இடாப்பில் வருவது அதுவாகவும் இருக்கலாம். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம்.

ஆகவே வாசகி முதலில் போக வேண்டிய இடம் சபையின் வருமானப் பிரிவு. தன் பங்குக்குரிய உறுதி, நில அளவைப் படம், கடைசியாக வரி கட்டிய பற்றுச்சீட்டு ஆகியவற்றின் பிரதிகளோடு, ஆதனத்தைப் பிரித்துப் பதியும்படி எழுத்தில் கேட்க வேண்டும். பழைய இலக்கம் 24 என்றால், புதியது 24/1, 24/2 என்றோ 24ஏ என்றோ வரும். பிரித்தால் வரி கூடிவிடுமே என்று பலர் தயங்குகிறார்கள். ஒவ்வொரு வீட்டின் வருடாந்தப் பெறுமதிக்கு ஏற்பத் தனித்தனியே கணக்கிடுவதால் மொத்தத் தொகை மாறக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் பிரிக்காமல் விட்டால், ஒரு சகோதரி கட்டாத நிலுவைக்காகச் சபை நடவடிக்கை எடுக்கும்போது முழு வளவும் அதில் சிக்கும். அசையும் பொருட்களைக் கைப்பற்றவும் சபைக்கு அதிகாரம் உண்டு. அந்தத் தகராறோடு ஒப்பிட்டால் கூடும் வரி பெரிதல்ல. ஆண்டு முழுவதற்குமான வரியை ஜனவரி 31க்குள் கட்டுவோருக்கு வழக்கமாக 10 சதவீதக் கழிவும் கிடைக்கிறது.

வாசலில் போடுவது கட்டாயமா? போடாதவரைத் தண்டிக்க வேண்டுமானால், சட்டத்திலோ வர்த்தமானியில் வெளியான உபவிதியிலோ அதற்கு இடமிருக்க வேண்டும். ஓர் உத்தியோகத்தரின் வாய்ச்சொல் போதாது. எந்த உபவிதி நடைமுறையில் உள்ளது என்பதை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையிடமே எழுதிக் கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.

தண்டனை இருக்கிறதோ இல்லையோ, போட்டே ஆக வேண்டும் என்பதுதான் இந்தச் சட்டத்தரணியின் கருத்து. 2017 மார்ச்சில் டெங்கு கிண்ணியாவை எப்படி உலுக்கியது என்பதை ஊர் மறந்திருக்காது. நாடு முழுவதும் அந்த ஆண்டு ஏறத்தாழ 1,86,000 பேர் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள். ஆஸ்பத்திரியில் ஒருவருக்கு டெங்கு என்று சந்தேகம் வந்ததும் எச் 544 படிவம் நிரப்பப்படுகிறது. அதிலுள்ள முகவரியைப் பிடித்துக்கொண்டுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) அந்த வீட்டைத் தேடி வருகிறார். நுளம்பு எந்தத் தொட்டியில், எந்தத் தேங்காய்ச் சிரட்டையில் பெருகுகிறது என்று பார்க்க வேண்டியவர், ‘பள்ளிக்குப் பின்னால் உள்ள ஒழுங்கை’ என்ற விவரத்தோடு மூன்று வாசலில் விசாரித்துக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும், நுளம்பு பறந்துவிடும். இரவில் 1990க்கு அழைத்து சுவசெரிய அம்பியூலன்ஸுக்காகக் காத்திருக்கும் குடும்பத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை. கேட் தூணில், மின்குமிழ் வெளிச்சம் படும் உயரத்தில், பூங்கொடி மறைக்காத இடத்தில், உள்ளங்கை அளவு எழுத்தில் இலக்கம் இருக்கட்டும். சென்னையில் பழைய எண், புதிய எண் என்று இரண்டையும் எழுதுவார்கள். கொஞ்சக் காலத்துக்கு வாசகியும் அப்படி எழுதலாம்.

உரிமைக்கு வருவோம். இலக்கமோ சோலைவரிப் பற்றுச்சீட்டோ உறுதி ஆகாது. அரச பேர்மிட் காணியில் கட்டிய வீட்டுக்கு இலக்கம் கிடைத்தாலும் காணியின் தன்மை மாறாது. ஆனால் 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி பத்தாண்டு ஆட்சியை நிரூபிக்க வேண்டிய தனியார் காணி வழக்குகளில், தன் பெயரில் தொடர்ச்சியாக வரி கட்டிய பற்றுச்சீட்டுகள் மற்றச் சாட்சியங்களுக்கு வலுச் சேர்க்கும். அவற்றைப் பத்திரமாக வைத்திருப்பது நல்லது.

கடைசியாக அந்தப் பதிவுத் தபால். வாசகி இலக்கத்தைப் பற்றியே கேட்டிருக்கிறார், கடிதத்தில் என்ன இருந்தது என்று சொல்லவில்லை. அவசரமாகப் பார்க்க வேண்டியது அதைத்தான். குடியியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவையின் 59ஆம் பிரிவின்படி அழைப்பாணை சாதாரணமாகப் பதிவுத் தபாலில்தான் அனுப்பப்படுகிறது. அது சேராவிட்டால் 60ஆம் பிரிவின் கீழ் பிஸ்கால் அல்லது ஜி.எஸ். நேரில் கொண்டுவருவார். ஆளைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் வீட்டில் ஒட்டிவிட்டுப் போகவும் நீதிமன்றம் கட்டளையிடலாம். ராத்தாவின் கதவில் ஒட்டப்பட்ட அழைப்பாணையை வாசகி காணாமலே போகக்கூடும். பிறகு வழக்கு அவர் இல்லாமலே விசாரிக்கப்பட்டுத் தீர்ப்பாகிவிடும். அப்படி நடந்தாலும் வழி உண்டு: தீர்ப்பாணை தன்னிடம் சேர்ப்பிக்கப்பட்ட நாளிலிருந்து 14 நாட்களுக்குள், வராததற்குத் தகுந்த காரணம் காட்டி 86(2)ஆம் பிரிவின் கீழ் விண்ணப்பிக்கலாம். மூன்று வீட்டுக்கும் ஒரே இலக்கம் என்பதைச் சபையின் ஏட்டுப் பிரதியோடு நிரூபித்தால் அந்தக் காரணத்துக்கு வலு இருக்கும். கடிதம் நீதிமன்றத்திலிருந்து வந்ததாக இருந்தால், வாசகி அதிலுள்ள வழக்கிலக்கத்தோடு இந்த வாரமே பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் அடுத்த தவணைத் திகதியைக் குறித்துக்கொண்டு வரவேண்டும்.