முறுக்கும் நெகிழ்வும்

நுழையும்முன்

நூற்பாலையில் ஓடும் நூலுக்கும் உயிரணுவில் உறையும் டி.என்.ஏ. இழைக்கும் பொதுவான இடர் ஒன்று உண்டு, அது முறுக்கு. அம்முறுக்கை உயிரணு தளர்த்தும் விதத்தையும், அதில் மூலக்கூறுகளின் இடக்கை, வலக்கை வேறுபாடு பெறும் இடத்தையும் இப்பாடம் விளக்குகிறது.

நூல் காட்டும் உண்மை

விருதுநகர் மாவட்டத்து இராசபாளையம் நூற்பாலைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். இராசபாளையம் மில்ஸ் 1936இல் அங்கு நிறுவப்பட்டது. பஞ்சு வலிமை பெறுவது முறுக்கினால். முறுக்கு மிகுந்தால் நூல் தன்மேல் தானே சுருண்டு சிக்காகும். நூலின் ஒரு முனையைப் பற்றிக்கொண்டு மறுமுனையைத் தொடர்ந்து முறுக்கிப் பின் இரு முனைகளையும் நெருக்கிப் பாருங்கள்; இந்த மீமுறுக்கைக் கண்ணால் காணலாம். பிடியை விட்டால் அது அவிழும். இரு முனைகளையும் சேர்த்துக் கட்டிவிட்டாலோ, எங்கேனும் அறுத்தாலன்றி நீங்காது.

உயிரணுவின் நிலை இதுவே. பாக்டீரியாவின் டி.என்.ஏ. பெரும்பாலும் முனையற்ற வளையம். மனித உயிரணுவிலோ ஏறத்தாழ 2 மீட்டர் நீள இழை, கண்ணுக்குப் புலப்படாத உட்கருவுக்குள் பல இடங்களில் கட்டுண்டு கிடக்கிறது. படியெடுப்பதற்காக இரட்டை இழை பிரியும்போது, பிரியும் இடத்துக்கு முன்னே முறுக்கு இறுகிக்கொண்டே போகும். அதைத் தளர்த்தாவிடில் படியெடுத்தல் நின்றுவிடும்.

அறுத்து ஒட்டும் நொதி

இம்முறுக்கைத் தளர்த்தும் நொதியை ஜேம்ஸ் வாங் 1971இல் எ.கோலை பாக்டீரியாவில் கண்டறிந்தார். இவ்வகை நொதிகள் டோபோஐசோமரேஸ் எனப்படும். இவற்றுள் முதல் வகை, ஓர் இழையை மட்டும் அறுத்து, அறுந்த முனையைத் தன்னோடு பிணைத்துக்கொண்டு, முறுக்கு நீங்கியபின் மீண்டும் ஒட்டிவிடும். வடு எதுவும் எஞ்சுவதில்லை.

ஒட்டும் செயலைத் தடுத்தால் என்னாகும்? அறுந்த இடத்தில் படியெடுக்கும் அமைப்பு வந்து மோத, டி.என்.ஏ. முறியும். விரைந்து பெருகும் புற்றணுக்கள் இதனால் மடியும். கேம்டோதெசின் என்னும் சேர்மம் இவ்வாறே செயல்படுகிறது. சீன மரமொன்றிலிருந்து மன்றோ வாலும், இந்தியாவில் பிறந்த மன்சுக் வானியும் 1966இல் இதனைப் பிரித்தெடுத்தனர். சென்னை மாநிலக் கல்லூரியில் முன்னர்ப் பணியாற்றிய டி.ஆர். கோவிந்தாச்சாரி, விசுவநாதனுடன் இணைந்து 1972இல் இதே சேர்மம் நம் மேற்குத் தொடர்ச்சி மலை மரமொன்றிலும் உண்டு என வெளியிட்டார். இராசபாளையத்திலிருந்து மேற்கே நோக்கினால் தெரிவதும் அம்மலைத் தொடரே. அம்மரத்தின் பூ துர்நாற்றம் வீசும்; பயனற்றதென ஒதுக்கத்தக்க மரம். சேர்மம் தாக்குவது டோபோஐசோமரேசை என்பது 1985இல்தான் தெளிவாயிற்று. பின்னர் இதன் வழித்தோன்றல்கள் பெருங்குடல், சூலகப் புற்றுநோய்களுக்கு மருந்தாயின. தேவை பெருகவே மரங்களும் வெட்டுண்டன. நோயாளிக்கு உயிரளிக்கும் மரத்துக்கு வந்த இடர் இது.

இடக்கையும் வலக்கையும்

கேம்டோதெசின் மூலக்கூறில் நான்கு வேறுபட்ட தொகுதிகளைத் தாங்கிய கார்பன் அணு ஒன்று உள்ளது. இதனால் அம்மூலக்கூறு, நம் இரு கைகளைப் போல, ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாத இரு ஆடிபிம்ப வடிவங்களில் அமையலாம். இதுவே கைரல் தன்மை. மரம் ஆக்கும் வடிவம் நொதியைத் தடுக்கிறது. அதன் ஆடிபிம்பமோ ஏறத்தாழப் பயனற்றது. இடக்கை உறையில் வலக்கை நுழையுமா?

கரித்துகளின் கை

சிவகாசி வெடிமருந்தில் வெடியுப்பு, கந்தகத்தோடு சேரும் கரியும் கார்பனே. பத்து நானோமீட்டருக்கும் சிறிய கார்பன் புள்ளிகள் 2004இல் அமெரிக்க ஆய்வகத்தில் புகைக்கரியைத் தூய்மை செய்கையில் தற்செயலாகப் புலப்பட்டன. சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தின் இரு வடிவங்களிலிருந்தும் கைரல் கார்பன் புள்ளிகளை ஆக்கிய சீன ஆய்வாளர், அவை மீமுறுக்குற்ற டி.என்.ஏ.வைத் தளர்த்துவதை 2020இல் வெளியிட்டனர். டி-சிஸ்டீனிலிருந்து பெற்றவை எல்-சிஸ்டீனிலிருந்து பெற்றவற்றைவிட மிகுதியாகச் செயல்பட்டன. நம் புரதங்களில் இருப்பது எல் வடிவம் என்பதை நோக்க, இது வியப்புக்குரியது.

ஆயினும் இப்புள்ளிகளை நொதிக்கு நிகர் என்பது மிகை. இவை இழைக்குள் செருகிக்கொண்டு, ஹைட்ராக்சில் தனிஉறுப்புகளால் அதனை அறுக்கின்றன. அறுந்த முனையைப் பற்றிவைத்து ஒட்டும் பிடி நொதிக்கு உண்டு, கரித்துகளுக்கு இல்லை.