ரீசெட் அழுத்தினால் மட்டும் எழும் கணினி

காலையில் முதல் தடவை பவர் பட்டனை அழுத்தினால் கணினி எழாது. பூட் டிவைஸ் இல்லை என்று திரை சொல்லும், இல்லையென்றால் லோகோவோடு நின்றுவிடும். ரீசெட் பட்டனை ஒரு தட்டுத் தட்டினால் எதுவுமே நடக்காததுபோல விண்டோஸ் வந்துவிடும். இந்தக் குறையோடு என்னிடம் வரும் கணினிகளில் பல, ஏற்கெனவே ஒரு தடவையாவது ஃபார்மேட் செய்யப்பட்டிருக்கும். சிலவற்றில் நல்ல ஹார்ட் டிஸ்க்கையே கெட்டுவிட்டதென்று மாற்றியிருப்பார்கள். உள்ளே ஒரு குடும்பத்தின் பத்து வருடப் படங்கள் இருந்திருக்கலாம். அதனால்தான் இந்த ஒரு கோளாறைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன்.

போர்வெல் மோட்டார் போடும் நொடியில் வீட்டு விளக்கு மங்கித் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். நின்றிருக்கும் மோட்டாரைக் கிளப்ப, ஓடுவதற்கு வேண்டியதைவிடப் பல மடங்கு மின்சாரம் வேண்டும். ஹார்ட் டிஸ்க்குக்குள் இருப்பதும் மோட்டார்தான். 3.5 அங்குல டிஸ்க் ஒன்று சும்மா சுழலும்போது 5 முதல் 8 வாட் வரை எடுக்கும். தட்டுகள் வேகம் பிடிக்கும் முதல் சில நொடிகளில் மட்டும் 12 வோல்ட் கம்பியிலிருந்து ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுக்கும். அதாவது 24 வாட். சாதாரண மதர்போர்டில் எத்தனை டிஸ்க் இருந்தாலும் எல்லாம் ஒரே நேரத்தில்தான் கிளம்பும்.

கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு ஸ்டூடியோவின் கணினி எனக்கு இதை நன்றாகக் காட்டியது. சீசனுக்கு ஒன்றாக வாங்கிச் சேர்த்த ஆறு டிஸ்க் கேபினெட்டுக்குள் இருந்தன. விண்டோஸ் இருந்ததும் அவற்றில் ஒன்றில்தான். கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸைத்தான் நான் சந்தேகித்தேன். “அண்ணே, ரீசெட் போட்டா வந்துடுது, சாயங்காலம் வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்ல. அப்புறம் எப்படி எஸ்.எம்.பி.எஸ். கெட்டிருக்கும்?” என்று கேட்டார் ஸ்டூடியோக்காரர். கேள்வியிலேயே பதில் இருந்தது. ரீசெட் அழுத்தும்போது டிஸ்க்குகளுக்கு மின்சாரம் அறுவதில்லை. அவை ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கின்றன. கிளப்பும் சுமை கழிந்துவிட்டதால் இரண்டாவது முறை பூட் ஆகிறது. “ரீசெட் வேண்டாம் தம்பி, முழுசா ஆஃப் பண்ணி, டிஸ்க் சத்தம் அடங்கினதும் போட்டுப் பாருங்க” என்றேன். மறுபடி நின்றது.

அந்த எஸ்.எம்.பி.எஸ். மேல் 450 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே இருந்ததோ 16 ஆம்பியர், அதாவது 192 வாட்தான். ஆறு டிஸ்க் கிளம்பவே 12 ஆம்பியர் போனால், பிராசஸருக்கும் விசிறிகளுக்கும் மிஞ்சுவது 4. வாங்கும்போது பெரிய எழுத்து எண்ணைப் பார்க்காதீர்கள், 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 3.3, 5 வோல்ட் கணக்கையும் கூட்டித்தான் அந்தப் பெரிய எண் வருகிறது. இன்றைய கணினி பெரும்பாலும் 12 வோல்ட்டில்தான் வாழ்கிறது.

பழசாகப் பழசாக இந்தக் குறை கூடும். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் வயதாகும்போது உள்தடை ஏறுகிறது, குளிர்ந்திருக்கும்போது இன்னும் ஏறுகிறது. மார்கழிக் காலையில் எழாமல், கொஞ்சம் சூடானதும் எழும் கணினியில் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். வேறொரு அடையாளமும் உண்டு. யூ.பி.எஸ். நல்ல பேட்டரியோடு இருந்தும், கரண்ட் போகும் கணத்தில் கணினி மட்டும் ரீஸ்டார்ட் ஆகும். யூ.பி.எஸ். மாறும் சில மில்லி விநாடிகளைத் தாங்கும் சேமிப்பு எஸ்.எம்.பி.எஸ்.ஸில் தீர்ந்துபோயிருக்கலாம். எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறந்து பார்க்க ஆசைப்படாதீர்கள். 230 வோல்ட் நேர்மின்சாரமாக மாறும்போது உள்ளே 320 வோல்ட்டுக்கு மேல் தேங்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் இருக்கும்.

சோதிப்பது எளிது, ஆனால் பலரும் பாதியில் நிறுத்துகிற இடம் ஒன்று உண்டு. டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்தேன் என்பார்கள், கழற்றியது டேட்டா கேபிளை மட்டும். பவர் கேபிள் மாட்டியிருக்கும் வரை டிஸ்க் சுழலும், சுமை அப்படியேதான் இருக்கும். பூட் டிஸ்க் தவிர மற்றவற்றின் பவர் கேபிள்களைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த நிலையில் போட்டுப் பாருங்கள். எழுந்தால் ஒவ்வொன்றாகச் சேருங்கள், ஒவ்வொரு முறையும் முழுதாக ஆஃப் செய்து. டேட்டா கேபிளைக் கழற்றினாலே எழுகிறதென்றால் அது மின்சாரக் கோளாறில்லை. புதிய டிஸ்க் வந்ததும் பயாஸில் பூட் வரிசை மாறியிருக்கலாம், அப்படியானால் அதைச் சரிசெய்தால் போதும். பூட் டிஸ்க் தனியாக இருந்தும் எழவில்லையா? தெரிந்த நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை மாட்டிப் பார்த்த பிறகே டிஸ்க்கைக் குறை சொல்லுங்கள்.

விசிறி ஒரு துடிப்புத் துடித்து உடனே நின்றுவிட்டால் கதை வேறு. ஏதோ ஒரு டிஸ்க்கின் பலகையில் இருக்கும் பாதுகாப்பு டயோடு ஷார்ட் ஆகி, எஸ்.எம்.பி.எஸ். தன்னைத்தானே நிறுத்திக்கொள்வதாக இருக்கலாம். அப்படியானால் அந்த டிஸ்க்கைக் கழற்றியதும் கணினி எழும். டயோடு தன்னைக் கொடுத்து மற்றதைக் காத்திருந்தால் அதன் தரவு மீட்கக்கூடியதே. விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள், தூக்கி எறியாதீர்கள்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பச்சைக் கம்பியையும் கறுப்பையும் பேப்பர் கிளிப்பால் இணைத்து, மீட்டரில் 12.1 வருகிறது, நன்றாக இருக்கிறது என்று தீர்ப்பு எழுதுகிறவர்களைப் பார்க்கிறேன். சுமையே இல்லாமல் அளந்தால் சோர்ந்துபோனதும் நன்றாகத்தான் காட்டும். டிஸ்க்குகள் கிளம்பும்போதே, காலியாக இருக்கும் மோலெக்ஸ் முனையில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே அளக்க வேண்டும். 11.4க்குக் கீழே இறங்கக் கூடாது. மீட்டரில் மிகக் குறைந்த அளவைப் பிடித்து வைக்கும் வசதி இருந்தால் நல்லது. ஆனால் மில்லி விநாடிச் சரிவு சாதாரண மீட்டரில் தெரியாது. அதனால் மீட்டர் சரியென்றாலும் டிஸ்க்குகளைக் கழற்றும் சோதனையையே நான் நம்புகிறேன்.

ஸ்ப்ளிட்டர்களை மறக்கக் கூடாது. சாட்டா பவர் முனையில் 12 வோல்ட்டுக்கு மூன்று ஊசிகள், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர், மொத்தம் 4.5. அதிலிருந்து நான்கு டிஸ்க்குக்குப் பிரித்தால் கிளம்பும்போது 8 ஆம்பியர் கேட்கும். ஸ்டூடியோ கணினியில் அப்படி ஒரு ஸ்ப்ளிட்டரின் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. வார்ப்பில் கம்பிகளைப் புதைத்துச் செய்யும் மலிவான மோலெக்ஸ்–சாட்டா மாற்றிகள் உள்ளுக்குள் ஷார்ட் ஆகித் தீப்பிடிப்பதும் உண்டு. என் கையில் கிடைத்தால் அவை குப்பைக்குத்தான் போகும்.

மின்சாரம் போதாத டிஸ்க் டிக் டிக்கென்று சத்தமிட்டு, சுழலத் தொடங்கி நின்று, மறுபடி முயலும். செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கும் இதே சத்தம்தான் போடும். ஒரே ஒரு தடவை வேறு கணினியில், நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மாட்டிப் பாருங்கள். அங்கே அமைதியாக ஓடினால் முதலில் தரவை நகலெடுங்கள், மற்றதெல்லாம் பிறகு. அங்கும் டிக் டிக்கென்றால் உடனே நிறுத்திவிடுங்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது தட்டைக் கீறிவிடலாம்.

ஸ்டூடியோவுக்கு விண்டோஸை எஸ்.எஸ்.டி.க்கு மாற்றி, நடப்பு வேலைக்கு இரண்டு டிஸ்க்கை மட்டும் உள்ளே வைத்தோம். பழைய கல்யாணங்கள் இருந்த டிஸ்க்குகள், தனி அடாப்டர் உள்ள வெளிப் பெட்டிக்குப் போயின. வேண்டும்போது மாட்டிக்கொள்ளலாம். எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் மாற்றினோம், அதனுடைய கேபிள்கள் எல்லாவற்றோடும். கழற்றி மாட்டும் வகை எஸ்.எம்.பி.எஸ்.ஸில் ஒன்றின் கேபிளை இன்னொன்றில் மாட்டவே கூடாது. முனை பொருந்தும், உள்ளே கம்பி வரிசை கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் மாடலுக்கு மாடல் மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போனால் மாட்டியிருக்கும் டிஸ்க் அத்தனையும் ஒரே நொடியில் எரிந்துபோகும்.