ஒரு கைப்பேசி, நாற்பது பிள்ளைகள், இங்கிலீஷ் பீரியட்

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆங்கிலம் எடுக்கிறேன். எல்லாரும் தமிழ்வழிப் பிள்ளைகள். பாடத்தை எழுத்துக்கூட்டி வாசித்துவிடுகிறார்கள். புத்தகத்தை மூடிவிட்டு ஒரு கேள்வி கேட்டால் வகுப்பே வாயடைத்துப் போகிறது. இணையத்தில் இதற்கெல்லாம் வழி இருக்கிறது என்று ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் தினம் ஒரு லிங்க் வருகிறது. எதைத் திறப்பது, எதை விடுவது என்று தெரியவில்லை. என்னிடம் இருப்பது என் கைப்பேசியும் சின்ன புளூடூத் ஸ்பீக்கரும்தான். பள்ளியில் சிக்னலும் சரியாக வராது. இன்னொன்று, சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நானும் தமிழ்வழியில் படித்தவள்தான். என் உச்சரிப்பில் எனக்கே நம்பிக்கை இல்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

— ஓர் ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

பதில்: முதல் வேலையாகத் தேடுவதை நிறுத்துங்கள். தினம் ஒரு லிங்க் திறக்கும் வகுப்பில் பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஒரு சின்னக் கதையையோ ஐந்து நிமிட ஒலிப்பதிவையோ எடுத்து ஒரு வாரம் முழுக்க அதிலேயே உட்கார்ந்தால்தான் வாய் திறக்கும். இணையம் உங்களுக்குத் தரக்கூடிய பெரிய உதவி இரண்டு: சலிக்காமல் திரும்பத் திரும்பப் பேசும் குரல், பிள்ளைகளின் தரத்துக்கு ஏற்ற எளிய வாசிப்பு. மற்றதெல்லாம் அலங்காரம்.

எளிய வாசிப்பு என்பதை இங்கே பலரும் இளக்காரமாக நினைக்கிறார்கள். பிரிட்டிஷ் காலத்தில் டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காளப் பையன்கள் பாடநூலில் திணறுவதைப் பார்த்து, சொற்களைக் குறைத்து வாசிப்புப் புத்தகங்களையே மாற்றி எழுதினார். 1953இல் அவர் வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியலில் சுமார் 2,000 சொற்கள். அடுத்து வந்தவர்களில் முக்கியமானவர் நியூஸிலாந்தின் பால் நேஷன். ஒரு பகுதியைத் துணையில்லாமல் படித்துப் புரிந்துகொள்ள நூற்றுக்கு 98 சொற்கள் முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் 2000இல் இன்னொருவருடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வின் முடிவு. இதை அப்படியே வகுப்புக்குக் கொண்டுவரலாம். நீங்கள் எடுக்கும் பகுதியில் நூறு சொல்லை எண்ணிக்கொள்ளுங்கள். சுமாராகப் படிக்கும் பிள்ளைக்குத் தெரியாதவை ஐந்தைத் தாண்டினால், நீங்கள் பக்கத்தில் இருந்தாலும் கஷ்டம்தான். தயங்காமல் ஒரு படி கீழே இறங்குங்கள். எட்டாம் வகுப்புக்கு இரண்டாம் வகுப்புக் கதையா என்று யாராவது கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

கதைக்கு ஸ்டோரிவீவர் போதும். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய தளம் அது. ஆயிரக்கணக்கான படக்கதைகள் நான்கு படிநிலைகளில், திறந்த உரிமத்தில், இலவசமாகக் கிடைக்கின்றன. அச்சடித்துக் கொடுத்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள். உங்களுக்கு முக்கியமானது, பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருப்பது. திங்கட்கிழமை தமிழில் வாசித்துக் காட்டுங்கள். கதை என்னவென்று தெரிந்துவிட்டால் பிள்ளையின் பயம் பாதி போய்விடும். செவ்வாய்க்கிழமை அதே கதை ஆங்கிலத்தில். சிலவற்றுக்கு ஒலியுடன் கூடிய வீடியோவும் உண்டு. முதல் தடவை எழுத்தைக் காட்டாமல் கேட்கவிட்டு, யார் வந்தார், என்ன நடந்தது என்று தமிழிலேயே கேளுங்கள். ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் குற்றமில்லை. கேட்டது புரிந்ததா என்பதுதான் அப்போதைய கேள்வி. அடுத்த தடவை எழுத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கட்டும். புதன்கிழமை வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி, குரலோடு சேர்ந்து எல்லாரும் சொல்ல வேண்டும். இரைச்சலாகத்தான் இருக்கும். தனியாக எழுந்து பேசக் கூசும் பிள்ளைக்கு அந்த இரைச்சல்தான் பாதுகாப்பு. வியாழக்கிழமை கதையிலிருந்து மூன்றே வாக்கியம் டிக்டேஷன். கேட்டது எது, கேளாமல் போனது எது என்பது நோட்டில் தெரிந்துவிடும். ‘ஏ’, ‘தி’ போன்ற சொற்களைப் பாதிப் பேர் விட்டிருப்பார்கள். தமிழில் அவற்றுக்கு இணையான வழக்கம் இல்லாததால் காதில் விழுந்தும் மனதில் நிற்பதில்லை. வெள்ளிக்கிழமை கதையை உங்கள் ஊருக்குக் கொண்டுவாருங்கள். யானைக்குப் பதில் எருமை, ரயிலுக்குப் பதில் டவுன் பஸ். குழுவுக்கு நான்கு வாக்கியம் போதும். புத்தகத்தை மூடிய பிறகு அவர்களாகப் பேசுவது அன்றைக்குத்தான்.

இனி உங்கள் உச்சரிப்பு. நீங்கள் பிபிசி அறிவிப்பாளர் ஆக வேண்டாம். கேட்பவருக்குப் புரிந்தால் போதும். நம்மவர்களுக்குத் தடுக்கும் இடங்கள் சிலவே. தமிழ் எழுத்தில் ‘ப’ ஒன்றே இரண்டு ஒலிக்கும் வேலை செய்வதால் pin என்கிற குண்டூசியும் bin என்கிற குப்பைத்தொட்டியும் ஒன்றாகிவிடுகின்றன. ‘க’வும் அப்படியே என்பதால் coat என்கிற கோட்டுக்கும் goat என்கிற ஆட்டுக்கும் அதே கதி. அதைவிடப் பெரிய சிக்கல் அழுத்தம். ‘ஃபோட்டோகிராஃப்’ என்றால் முதல் அசையில் அழுத்தம், ‘ஃபோட்டோகிராஃபர்’ என்றால் இரண்டாவதில், ‘ஃபோட்டோகிராஃபிக்’ என்றால் மூன்றாவதில். நாம் மூன்றையும் ஒரே சமமாகச் சொல்கிறோம். ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி தளத்தில் சொல்லுக்குப் பக்கத்திலேயே பிரிட்டிஷ், அமெரிக்க ஒலி இரண்டும் இருக்கின்றன. யூகிளிஷ் தளத்தில் ஒரு சொல்லைக் கொடுத்தால், யூடியூப் வீடியோக்களில் அதைப் பலர் சொல்லும் இடங்களை வரிசையாகப் போட்டுக் காட்டும். பாடத்தில் வரும் பத்துச் சொல்லை முந்தைய நாள் இரவு கேட்டுவிட்டுப் போங்கள். வகுப்பில் சந்தேகம் வந்தால் கைப்பேசியை எடுத்துப் பிள்ளைகளோடு சேர்ந்தே கேளுங்கள். அதில் மரியாதை குறையாது.

உங்கள் சொந்தப் பயிற்சிக்கு பிபிசியின் ‘சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்’. ஆறு நிமிடம், ஒரு தலைப்பு, முழு எழுத்துவடிவம். உங்கள் பிள்ளைகளுக்கு அது எட்டாது. பஸ்ஸில் போகும்போது நீங்கள் கேளுங்கள். பிள்ளைகளுக்கு வேண்டுமானால் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் ‘லெட்ஸ் லேர்ன் இங்கிலீஷ்’ முதல் நிலை, 52 பாடம். 1959இலேயே சுமார் 1,500 சொற்களுக்குள், நிதானமான வேகத்தில் செய்தி வாசிக்கத் தொடங்கிய நிறுவனம் அது. 2025 மார்ச்சில் அதன் பணிகள் முடக்கப்பட்டன. அதனால் புதியதை எதிர்பார்க்காமல், இருப்பதை இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாத பள்ளிக்கு எதையுமே வீட்டில் இறக்கிக்கொண்டுதான் போக வேண்டும். வகுப்பு நடுவில் சுற்றும் வட்டத்தையும் விளம்பரத்தையும் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. உங்கள் பாடநூலில் உள்ள க்யூஆர் குறியீட்டையும் ஒருமுறை திறந்து பாருங்கள். பாடத்தோடு நேரடியாக ஒட்டியது அதுதான். தரம் பாடத்துக்குப் பாடம் மாறும்.

புள்ளியும் பரிசும் தரும் செயலிகள் பற்றி என் கருத்து கறாரானது. சொற்களை அடையாளம் காண உதவும், பேச வைக்காது. விதிவிலக்கு கூகுளின் ரீட் அலாங். பிள்ளை வாய்விட்டு வாசிக்க, அது கேட்டுத் திருத்தும். கதைகளை இறக்கிவிட்டால் இணையமும் தேவையில்லை. வீட்டில் கைப்பேசி இருப்பவர்கள் செய்யட்டும். அதை வீட்டுப்பாடமாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். அப்பா போனை வேலைக்கு எடுத்துப் போய்விட்ட பிள்ளை மறுநாள் தலைகுனிந்து நிற்கும்.

சாட்ஜிபிடி போன்றவற்றைப் பிள்ளைகள் கையில் கொடுக்காமல் உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பாடத்தின் இருபது சொல்லைக் கொடுத்து, அவற்றை வைத்து மாட்டுப் பொங்கல் பற்றி எண்பது சொல்லில் ஒரு கதை கேட்டால் நொடியில் எழுதித் தரும். சொன்ன அளவைத் தாண்டிக் கடினமான சொற்களை நுழைத்துவிடும். வாசித்து வெட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். பிள்ளைகளின் பெயரையோ படத்தையோ அதில் இடவே வேண்டாம்.

இந்த வாரம் ஒரே ஒரு கதையோடு தொடங்குங்கள். எந்தக் கதையை எடுத்தீர்கள், வெள்ளிக்கிழமை பிள்ளைகள் அதை எப்படி மாற்றினார்கள் என்று எழுதுங்கள். அவர்கள் சொன்ன வாக்கியங்களைத் திருத்தாமல் அப்படியே அனுப்புங்கள். அடுத்து எதைச் சொல்லித்தர வேண்டும் என்பதை அவற்றை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.