மடிக்கணினியும் இணையமும்

ஏடும் எழுதுகோலும் போல மடிக்கணினியும் இன்று மாணவர்க்கு வேண்டிய கருவியாகிவிட்டது. அதனை வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு என்ன வழி?

தமிழகத்தில் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் அன்றைய முதலமைச்சர் செல்வி ஜெ. ஜெயலலிதா தொடங்கி வைத்தார். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்பு பயின்ற பல இலட்சம் பேர் அதனால் பயனடைந்தனர். தங்கள் வீட்டிற்குள் வந்த முதல் கணினி அதுவே என்று கூறும் அக்காமார் எங்கள் தெருவிலும் உண்டு.

ஆனால் கணினி மட்டும் போதுமா? நாங்கள் தொடக்க வகுப்பில் இருந்த 2020-இல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. பாடங்கள் இணையவழியே வந்தன. எங்களுள் பலர் வீட்டில் இருந்தது ஒரே கைப்பேசி. அதுவும் காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இரவில் அது திரும்பி வரும்போது அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும்! கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது பேருதவிதான். ஆயினும் தொலைக்காட்சிப் பெட்டியிடம் ஐயம் கேட்க முடியாதே! 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா இலவசம் என அரசு அறிவித்தது. அது கல்லூரி மாணவர்க்கு மட்டுமே.

கணினியையும் இணைப்பையும் சேர்த்தே கொடுத்த நாடு ஒன்று உண்டு. அது தென்னமெரிக்காவிலுள்ள உருகுவே. அங்கு 2007-இல் 'செய்பால்' திட்டம் தொடங்கியது. 2009-க்குள் அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சிறு மடிக்கணினி கிடைத்தது. கூடவே பள்ளிகளுக்கு இணையமும் வந்தது. 2020-இல் அங்கும் பள்ளிகள் மூடப்பட்டன; ஆனால் பிள்ளைகளின் கையில் கணினி முன்பே இருந்தது.