குன்றின் மேல் ஒரு மாளிகை: கார்கோசா கற்பிக்கும் பாடம்

நம் தலைநகராகிய கோலாலம்பூரில், ஏரிப் பூங்காப் பகுதியில் அடுத்தடுத்த குன்றுகளின் மீது இரு பழைய மாளிகைகள் அமைந்துள்ளன. அவை கார்கோசாவும் ஸ்ரீ நெகாராவும் ஆகும்.

ஐக்கிய மலாய் மாநிலங்களின் முதல் தலைமை ரெசிடெண்டாகிய பிராங்க் சுவெட்டன்ஹாமுக்காக 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பப்பட்டது கார்கோசா. ஜப்பானியர் ஆட்சியில் அதில் படை அதிகாரிகள் தங்கினர். 1956-இல் அது பிரிட்டிஷ் அரசாங்கத்திற்கு அன்பளிப்பாக வழங்கப்பட்டு, 1987-இல் நம் நாட்டிடம் திரும்பியது. கிங்ஸ் ஹவுஸ் எனப்பட்ட ஸ்ரீ நெகாராவிலோ, 1957 ஆகஸ்டு 5-ஆம் நாள் மலாயாக் கூட்டரசு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. துரைமாருக்கென எழுந்த வீடு, மக்களின் சுதந்திரத்திற்குச் சாட்சியாயிற்று. பின்னர் ஹோட்டலாக விளங்கிய இம்மாளிகைகளை மீட்டெடுக்கும் பணியை அண்மை ஆண்டுகளில் கசானா நேஷனல் நிறுவனம் மேற்கொண்டது.

பழைய கட்டடத்தைப் பழுதுபார்ப்பது எங்ஙனம்? முதலில் நீரைத் தடுத்தல் வேண்டும். கூரை ஒழுக்கும் அடைபட்ட பீலியும் சுவரை நனைக்கும். நனைந்த மரத்தைக் கறையான் அரிக்கும். அடுத்து, சுண்ணாம்புக் காரையால் கட்டிய சுவரின் மீது சிமெந்து பூசலாகாது. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சிமெந்தோ அதனை உள்ளே அடைத்துச் செங்கல்லைச் சிதைக்கும்.

வீட்டைச் சூழ்ந்த நிலமும் அதன் உறுப்பே. மரங்களை வெட்டிச் சரிவைக் குடைந்தால், மழைநீர் மண்ணை அரித்து அடித்தளத்தையே அசைக்கும். 1888-இல் ஆல்பிரட் வென்னிங்கின் யோசனையால் தொடங்கப்பெற்ற ஏரிப் பூங்கா, இன்று பெர்டானா தாவரவியல் பூங்காவாகப் பொதுமக்களுக்குப் பயன்படுகிறது. நிலத்தை மேம்படுத்துவதென்றால் கட்டடங்களால் நிரப்புவது மட்டுமன்று என்பதற்கு அதுவே சான்று.

தோட்டத் தோழர்களே! இப்பாடம் நமக்கும் உரியது. சீபீல்டு தோட்டத்தில் சுபாங் ஜெயா எழுந்தது; பிராங் பெசார் தோட்டத்தில் புத்ராஜெயா எழுந்தது. பால்மரங்களோடு லயங்களும் மறைந்தன. துரை வாழ்ந்த மாளிகைக்கு வரலாறு எழுதப்படுகிறது. பால்வெட்டியவர் வாழ்ந்த லயத்திற்கு அதனை யார் எழுதுவர்?

2005-ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டத்தின்படி, ஓர் இடத்தைத் தேசிய மரபுடைமையாக அறிவிக்குமாறு எவரும் முன்மொழியலாம். அதற்குச் சான்றுகள் வேண்டும். ஆகவே, உங்கள் தோட்டத்துக் கோயில், பள்ளி, லயம், ஆலை ஆகியவற்றைப் படமெடுத்து வையுங்கள். முதியோரின் நினைவுகளைப் பெயரும் ஆண்டும் குறித்து எழுதி வையுங்கள். இடிந்த சுவரை மீண்டும் எழுப்பலாம்; எழுதாமல் போன நினைவை எவராலும் எழுப்ப இயலாது.