கடல் நடுவே தோன்றிய எண்ணம்

1937-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2-ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நாள். நியூயார்க்கிலிருந்து டப்ளின் நோக்கிச் சென்ற கப்பலில் தமிழிளைஞர் ஒருவர் இருந்தார். அண்ணலின் வாழ்க்கையைத் திரைப்படமாக்குதல் வேண்டும் என்னும் எண்ணம் அன்று அவருள்ளத்தே திடீரென எழுந்தது.

அவரே கோட்டையூர் ஏ. கே. செட்டியார். முப்பது வயது நிரம்பாதவர். இரங்கூனில் 'தனவணிகன்' இதழை நடத்தியவர். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக்கலை பயின்றவர்.

மாணவர்களே, நன்கு ஆராய்ந்த பின்னரே செயலில் இறங்குக என்று சொல்லிச் சொல்லியே முதுமை எய்தியவன் யான். ஆயினும், இவர் அன்று ஆராய அமர்ந்திருப்பின், கப்பல் கரை சேருமுன்னரே அவ்வெண்ணத்தைக் கைவிட்டிருப்பார் என்றே கருதுகின்றேன். பெரும்பொருள் இல்லை, நாடோ அயலார் ஆட்சியில் இருந்தது, அண்ணலைப் பற்றிய படச்சுருள்களோ உலகெங்கும் சிதறிக் கிடந்தன.

அவற்றைத் தேடித் தென்னாப்பிரிக்கா, ஐரோப்பா எனச் சுற்றினார். நெடுந்தொலைவுப் பயணம். கிடைத்த சுருள் 50,000 அடி. அதனின்று 12,000 அடியைத் தொகுத்து, 1940-ஆம் ஆண்டு தமிழில் வெளியிட்டார்.

பிறர் எடுத்த சுருள்களைத் தேடியலைந்தவரின் படமே பிற்காலத்தில் தேடப்படும் பொருளாயிற்று. 1953-ஆம் ஆண்டு வெளிவந்த அதன் ஆங்கிலச் சுருக்கம், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் சான்பிரான்சிஸ்கோ நகரில் கண்டெடுக்கப்பெற்றது.